மனு எழுதும் நேரமா, 112-ஐ அழைக்கும் நேரமா? பொது ஆபத்தும் அவசர அழைப்பும்: ஒரு சட்டக் கையேடு

2022 டிசம்பர் இறுதியில், புதுக்கோட்டை மாவட்டம் அன்னவாசல் ஒன்றியம் முத்துக்காடு ஊராட்சிக்கு உட்பட்ட வேங்கைவயலில், பட்டியல் சாதிக் குடியிருப்பைச் சேர்ந்த குழந்தைகள் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். குடிநீரில் கோளாறு இருக்கலாம் என்று மருத்துவர்கள் கூறியதையடுத்து, டிசம்பர் 26 அன்று குடியிருப்பு மக்களே மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் மீது ஏறிப் பார்த்தனர். உள்ளே மனித மலம் மிதந்தது.

அதன் பிறகு நடந்தவற்றை நாடறியும். ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் நேரில் வந்தனர். அந்த ஆய்வின்போது தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை முறையும் கோயில் நுழைவு மறுப்பும் வெளிப்பட்டன. 2023 ஜனவரியில் வழக்கு சிபிசிஐடி வசம் மாறியது. அதே ஆண்டு மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி எம். சத்தியநாராயணன் தலைமையில் ஒரு நபர் ஆணையத்தை அமைத்தது. 2025 ஜனவரியில், பாதிக்கப்பட்ட குடியிருப்பைச் சேர்ந்த மூவர் மீதே சிபிசிஐடி குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. குடியிருப்பு மக்கள் அதை ஏற்க மறுத்தனர். மத்தியப் புலனாய்வுத் துறை விசாரணை வேண்டுமென்று விடுதலைச் சிறுத்தைகளும் மார்க்சிஸ்ட் கட்சியும் கோரின.

குற்றவாளி யார் என்ற கேள்வி இன்றும் பேசப்படுகிறது. அதற்கு முந்தைய ஒரு கேள்வி பேசப்படவே இல்லை. முதல் குழந்தை நோயுற்றதற்கும் தொட்டியின் மூடி திறக்கப்பட்டதற்கும் இடைப்பட்ட நாட்களில், எந்த நொடியில் அது ‘அவசரம்’ ஆயிற்று? அதை முடிவு செய்ய வேண்டியவர் யார்? இலுப்பூர் வட்டாரத்தின் எந்தச் சேரியிலும் நாளை எழக்கூடிய கேள்வி இது. சட்டத்தின் வழியிலும் நடைமுறையின் வழியிலும் இதற்கு விடை சொல்ல முயல்கிறது இக்கட்டுரை.

ஆபத்து வேறு, அவசரம் வேறு

ஆபத்துகள் எல்லாம் அவசர அழைப்புக்கு உரியவை அல்ல. மூன்று மாதமாக எரியாத தெருவிளக்கு, சாய்ந்த மின்கம்பம், விரிசல் விட்ட மதில், மூடியில்லாத கிணறு ஆகியவை ஆபத்துகள். இவற்றுக்கு முதல் வழி எழுத்து மூலமான புகார். ஆனால் ஆபத்தின் நிலை ஒரு நொடியில் மாறிவிடும். அந்த மாற்றத்தை அடையாளம் காண மூன்று கேள்விகள் போதும்.

ஒன்று: இப்போது, இந்த இடத்தில், யாருடைய உயிரோ உடலோ ஆபத்தில் உள்ளதா? இரண்டு: நிலைமை மணிக்கு மணி மோசமாகிக்கொண்டோ பரவிக்கொண்டோ இருக்கிறதா? மூன்று: அலுவலகம் திறக்கும்வரை காத்திருந்தால், திரும்பப் பெற முடியாத இழப்பு நேருமா?

மூன்றில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்பது விடையானாலும் அழைக்க வேண்டும். விடை ‘தெரியவில்லை’ என்றாலும் அழைக்க வேண்டும். அவசரமா இல்லையா என்று உறுதிசெய்வது அழைப்பை ஏற்பவரின் வேலை. கண்டதைச் சொல்வது மட்டுமே அழைப்பவரின் வேலை. இந்தப் பொறுப்புப் பிரிவினையை மறந்துவிடுவதால்தான் பலர் தயங்குகிறார்கள். தாமே மருத்துவராகவும் பொறியாளராகவும் காவல் அதிகாரியாகவும் இருந்து முடிவெடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

வேங்கைவயலுக்கு இந்த மூன்று கேள்விகளைப் பொருத்திப் பார்ப்போம். ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் அது அந்த வீட்டின் சிக்கல். ஒரே தொட்டி நீரைக் குடிக்கும் வெவ்வேறு வீடுகளின் குழந்தைகளுக்கு ஒரே வாரத்தில் வயிற்றுப்போக்கு என்றால் அது பொது ஆபத்து; இரண்டாம் கேள்விக்கு விடை ‘ஆம்’. தொட்டியை மூடி மாற்று நீர் தந்து மாதிரி எடுத்திருக்க வேண்டிய கடமை அரசு இயந்திரத்துடையது. அந்தக் கடமையைக் குடியிருப்பு மக்கள் தம் கையால் ஏணி வைத்து ஏறி நிறைவேற்றினார்கள். எனவே மக்கள் தாமதித்தார்கள் என்று இதை வாசிப்பது பிழை. அழைப்பு எழும் முன்பே வந்து சேர வேண்டிய கண்காணிப்பு, சேரியின் எல்லைக்கு வெளியே நின்றுவிட்டது என்பதே சரியான வாசிப்பு.

பழகிப்போன ஆபத்து

தலித் குடியிருப்புகளில் அவசரத்தை அடையாளம் காண்பதைக் கடினமாக்குவது அறியாமை அல்ல, பழக்கம். ஆண்டுக்கணக்கில் ஆபத்தோடு வாழ நேர்ந்தவர்களுக்கு அது ஆபத்தாகத் தோன்றுவது நின்றுவிடுகிறது. கொடுத்த மனுக்கள் பதிலின்றிப் போனால், ‘சொன்னால் மட்டும் வந்துவிடவா போகிறார்கள்’ என்ற முடிவு உள்ளத்தில் உறைந்துவிடுகிறது.

இதன் கொடிய சான்று கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூர். 2019 டிசம்பர் 2 அதிகாலையில், கனமழையில், அருந்ததியர் குடியிருப்பை ஒட்டி எழுப்பப்பட்டிருந்த உயரமான மதில் வீடுகளின் மீது சரிந்து 17 பேர் உறக்கத்திலேயே மாண்டனர். அந்த மதில் ஆபத்தானது என்று முன்பே முறையிட்டிருந்ததாகக் குடியிருப்பு மக்கள் கூறினர். மதில் நின்றவரை அது மனுவுக்குரிய பொருள். தொடர்மழையில் நனைந்து மண் இளகிய இரவில் அது அவசர அழைப்புக்குரிய பொருளாகியிருந்தது. இடைப்பட்ட அந்தக் கோட்டைக் கண்காணிக்க எந்த அலுவலகத்திலும் எவரும் இல்லை.

எனவே நெடுநாள் ஆபத்துகளுக்கு ஒரு நடைமுறை வேண்டும். புகார் கொடுக்கும் நாளிலேயே, ‘எது நடந்தால் காத்திருக்கக் கூடாது’ என்பதையும் குடியிருப்பு முடிவு செய்துவிட வேண்டும். மதிலில் புதிய விரிசல், அடிப்பகுதியிலிருந்து நீர் கசிதல், மதில் சாய்தல், கற்கள் உதிர்தல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் அடுத்துள்ள வீடுகளைக் காலிசெய்துவிட்டு அழைக்க வேண்டும். இரவு என்பதற்காக விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

எந்த ஆபத்துக்கு யாரை அழைப்பது

112 என்பது காவல், தீயணைப்பு, மருத்துவ ஊர்தி ஆகிய மூன்றுக்குமான பொது எண். இது ஒன்று நினைவிருந்தாலே போதும். தனித்தனியே அழைக்க 100 காவல்துறை, 101 தீயணைப்பு மற்றும் மீட்பு, 108 மருத்துவ ஊர்தி. தமிழ்நாட்டில் 108 சேவை 2008 முதல் இயங்குகிறது, கட்டணம் இல்லை. மருத்துவ ஆலோசனைக்கும் சுகாதாரத் துறைத் தகவலுக்கும் 104. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. மின்சாரப் புகாருக்கு மின்னகம் 94987 94987. வன்கொடுமைக்கு எதிரான தேசிய உதவி எண் 14566. இலவசச் சட்ட உதவிக்கு 15100. கடைசி இரண்டும் வழிகாட்டுவதற்கும் புகாரைப் பதிவதற்கும் உரியவை. உயிர் ஆபத்தில் முதல் அழைப்பு 112-க்கே போக வேண்டும்.

குடிநீர்: நீரில் புதிய நாற்றமோ நிறமோ தெரிந்தால், அல்லது ஒரே நீரைக் குடித்த இரண்டு மூன்று வீடுகளில் வயிற்றுப்போக்குக் கண்டால், உடனே குடிப்பதை நிறுத்தி 104-க்கும் வட்டார மருத்துவ அலுவலருக்கும் தெரிவிக்க வேண்டும். குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, கண்கள் குழிந்தாலோ, சிறுநீர் கழிக்கவில்லை என்றாலோ, நீர் அருந்த முடியவில்லை என்றாலோ 108. ஊர்தி வரும்வரை, விழிப்போடு உள்ள குழந்தைக்கு உப்பு சர்க்கரைக் கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். வேண்டுமென்றே கலந்திருக்கிறார்கள் என்ற ஐயம் இருந்தால் தொட்டியைக் கழுவக் கூடாது. கழுவினால் தடயமும் போய்விடும். வேங்கைவயல் விசாரணை மரபணுப் பரிசோதனை வரை சென்றதை நினைவில் கொள்ள வேண்டும். தொட்டியைப் பூட்டி, படம் எடுத்து, அதிகாரிகள் முன்னிலையில் மாதிரி எடுக்கச் செய்து, மாதிரியை முத்திரையிட வற்புறுத்த வேண்டும்.

கழிவுநீர்த் தொட்டி: உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் அது ஐயத்துக்கு இடமற்ற அவசரம், 101 அல்லது 112. காப்பாற்ற மற்றவர் இறங்கவே கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு வாயு செறிவு கூடும்போது மோப்ப உணர்வையே மழுங்கச் செய்துவிடும். நாற்றம் இல்லை என்பதை வாயு இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது. முதலில் விழுந்தவரைத் தூக்க அடுத்தடுத்து இறங்கியவர்களும் சேர்ந்து இறப்பது நம் நாட்டில் மீண்டும் மீண்டும் நிகழும் கொடுமை. ஒருவரைப் பாதுகாப்புக் கருவியின்றி இறக்கப்போகிறார்கள் என்று தெரிந்தாலே காவல்துறையை அழைக்கலாம். 2013-ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டம் 7-ஆம் பிரிவு அதைத் தடைசெய்கிறது. 9-ஆம் பிரிவு முதல் குற்றத்துக்கு இரண்டு ஆண்டு வரை சிறை விதிக்கிறது. சாவு நேர்ந்தால் 30 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என்று 2023 அக்டோபர் 20 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அறுந்த மின்கம்பி: மின்சாரம் இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கக் கூடாது. தரையில் கிடக்கும் கம்பி உயிருள்ளது என்றே கொண்டு, குறைந்தது பத்து மீட்டர் விலகி நின்று, ஆட்களையும் ஆடு மாடுகளையும் அண்டவிடாமல் தடுத்து, மின்னகத்துக்கும் 112-க்கும் சொல்ல வேண்டும். தாழ்ந்து தொங்கும் கம்பிக்குப் புகார் போதும். அது வீட்டுக் கூரையையோ நடப்போர் தலையையோ தொடும் நிலைக்கு வந்தால் அழைப்பு.

கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறு: இலுப்பூருக்கு மேற்கே மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில், 2019 அக்டோபர் 25 அன்று விழுந்த இரண்டு வயதுக் குழந்தையை நான்கு நாள் போராடியும் உயிரோடு மீட்க முடியவில்லை. கைவிடப்பட்ட குழாய்க் கிணறுகளை அடியிலிருந்து தரைமட்டம் வரை மண், மணல், கற்களால் நிரப்ப வேண்டும் என்று 2010-லேயே உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்திருந்தது. மூடாத குழி தென்பட்டால் அன்றே ஊராட்சிக்கும் கோட்டாட்சியருக்கும் புகார் கொடுத்து, அதுவரை கனமான பொருளால் மூடி வைக்க வேண்டும். ஒருவர் விழுந்துவிட்டால் தாமே கயிறு விட்டு முயன்று நேரம் இழக்காமல் 101.

சாதித் தாக்குதல்: 2012 நவம்பர் 7 அன்று, ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைத் தொடர்ந்த பதற்றத்தின் முடிவில், தருமபுரி மாவட்டம் நத்தம் உள்ளிட்ட மூன்று தலித் குடியிருப்புகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. கூட்டம் கூடுதல், மிரட்டல், பாதை மறிப்பு, தெருவிளக்குகளை அணைத்தல் ஆகியவை தாக்குதலுக்கு முந்தைய அறிகுறிகள். முதல் கல் விழும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆபத்து நேரப்போகிறது என்ற நியாயமான அச்சமே 112-ஐ அழைக்கப் போதுமான காரணம்.

‘பொய்ப் புகார் ஆகிவிடுமோ’ என்ற அச்சம்

அழைத்து, வந்து பார்த்தபின் ஒன்றுமில்லை என்று ஆனால் நம் மீதே வழக்கு வருமோ என்பது பரவலான அச்சம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 217-ஆம் பிரிவு, பொய் என்று தெரிந்தோ பொய் என்று நம்பியோ அரசு ஊழியருக்குக் கொடுக்கும் தகவலை மட்டுமே தண்டிக்கிறது. நல்லெண்ணத்தோடு ஐயுற்று, அந்த ஐயம் தவறாகிப் போவது குற்றமல்ல.

ஆனால் ஒரு எச்சரிக்கை. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் 54-ஆம் பிரிவு, பேரிடர் குறித்த பொய் எச்சரிக்கையைப் பரப்பிப் பீதி உண்டாக்குவதைத் தண்டிக்கிறது. எனவே கண்டதை முதலில் உரிய எண்ணுக்குச் சொல்ல வேண்டும். உறுதியாகாததை வாட்ஸ்அப் குழுக்களில் பரப்பக் கூடாது. சாலை விபத்தில் உதவுவோருக்கு 2019 திருத்தத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவு பாதுகாப்பு அளிக்கிறது. அவர் தம் பெயரையோ முகவரியையோ சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது.

அழைக்கும்போது

இடம், என்ன நடந்தது, எத்தனை பேர், இன்னும் தொடரும் ஆபத்து எது, அழைப்பவரின் எண்: இந்த ஐந்தும் முதல் நிமிடத்தில் சொல்லப்பட வேண்டும். சேரிகளுக்கு இதில் தனிச்சிக்கல், இடம். ஊரின் பெயரும் குடியிருப்பின் பெயரும் வேறுபடும். ஒரே ஊராட்சியில் இரண்டு குடியிருப்புகள் ஒரே பெயரில் அழைக்கப்படும். அரசு ஆவணங்களிலிருந்து ‘காலனி’ என்ற சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்க வேண்டிய மாற்றம் அது. பெயர்கள் மாறும் காலத்தில் பழைய பெயரையும் புதிய பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஊராட்சி, ஒன்றியம், பேருந்து நிறுத்தம், மின்கம்ப எண் ஆகியவற்றைத் தெருமுனையில் எழுதிவைப்பது, ஒரு காசு செலவில்லாத பாதுகாப்பு ஏற்பாடு. ஊர்தியைச் சாலையிலேயே எதிர்கொண்டு அழைத்துவர ஒருவரை நிறுத்த வேண்டும்.

அழைத்த நேரம், எண், பேசியவர் சொன்னது, வண்டி வந்த நேரம் ஆகியவற்றைக் குறித்துவைக்க வேண்டும். அழைப்பு உதவிக்கான கோரிக்கை மட்டும் அல்ல. அரசுக்குத் தகவல் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதற்கான சான்றும்கூட. ‘எங்களுக்குத் தெரியாது’ என்று பின்னாளில் நீதிமன்றத்தில் சொல்லப்படும்போது, கைப்பேசியின் அழைப்புப் பதிவே நம் முதல் சாட்சி. உதவி வராத அழைப்பும் வீண் போவதில்லை என்று சொல்வது இதனால்தான்.

அழைப்புக்குப் பின்: சட்டம் தரும் கருவிகள்

ஆபத்து தணிந்த மறுநாள் பலரும் விட்டுவிடும் ஒரு வேலை உண்டு. இலுப்பூர் ஒரு வருவாய்க் கோட்டத்தின் தலைமையிடம். அங்கே அமர்ந்திருக்கும் கோட்டாட்சியர் நில ஆவண அதிகாரி மட்டும் அல்லர். உட்கோட்ட நிர்வாக நடுவரும் ஆவார். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133) பொதுத்தொல்லைகளை அகற்ற அவருக்கு அதிகாரம் தருகிறது. விழுந்துவிடும் நிலையிலுள்ள கட்டடம், மரம், பொதுவழியை ஒட்டிய வேலியற்ற கிணறு, குழி ஆகியவை அந்தப் பிரிவிலேயே குறிப்பிடப்பட்டுள்ளன. இதற்குக் காவல்துறை அறிக்கை கட்டாயம் அல்ல. எந்தத் தகவலின் பேரிலும் அவர் செயல்படலாம். விசாரணை முடியும்வரை பொறுக்க முடியாத உடனடி ஆபத்து என்றால் 161-ஆம் பிரிவின் கீழ் இடைக்காலத் தடையாணை பிறப்பிக்கலாம். நிதி இல்லை என்ற சாக்கு செல்லாது என்பதை 1980-இல் ரத்லம் நகராட்சி வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அழுத்தமாகச் சொல்லிவிட்டார். சாக்கடை நாற்றத்தில் வாழ்ந்த மக்கள் தொடுத்த வழக்கு அது.

ஆபத்து சாதியால் விளைந்தது என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சேர்ந்துகொள்கிறது. பட்டியல் சாதியினர் வழக்கமாகப் பயன்படுத்தும் நீர்நிலையை அசுத்தப்படுத்துவதைத் தனிக் குற்றமாக அதன் 3-ஆம் பிரிவு அறிவிக்கிறது. 18ஏ பிரிவின்படி வழக்குப் பதிய முன்விசாரணை தேவையில்லை. 4-ஆம் பிரிவு, கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும், பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாத அரசு ஊழியருக்கு ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டு வரை சிறை விதிக்கிறது. 17-ஆம் பிரிவு, வன்கொடுமை நிகழக்கூடிய பகுதி என்று முன்கூட்டியே அறிவித்துத் தடுப்பு நடவடிக்கை எடுக்க நிர்வாக நடுவருக்கும் காவல் துணைக் கண்காணிப்பாளர் நிலை அதிகாரிக்கும் அதிகாரம் தருகிறது. விதி 12 உணவு, குடிநீர், உறைவிடம், மருத்துவம் உள்ளிட்ட உடனடி நிவாரணத்தைக் கட்டாயமாக்குகிறது. வெள்ளமோ புயலோ என்றால், நிவாரணத்தில் சாதிப் பாகுபாடு கூடாது என்று பேரிடர் மேலாண்மைச் சட்டம் 61-ஆம் பிரிவு நேரடியாகவே சொல்கிறது.

மனுவையும் அழைப்பையும் ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்றைக் கொள்ளக் கூடாது என்பதே இவை அனைத்தின் சாரம். மனு, ஆபத்து நேராமல் தடுப்பதற்கு; அழைப்பு, நேர்ந்துகொண்டிருக்கும் ஆபத்திலிருந்து உயிரை மீட்பதற்கு. மனுவின் நகல் இல்லாத அழைப்பு மறுநாளே மறக்கப்படும். அழைக்கத் துணியாத மனு, நடூரைப் போல, இறந்தோர் பட்டியலுக்குப் பின்னிணைப்பாகும்.

வேங்கைவயல் குழந்தைகளின் நோயை முதலில் கண்டவர்கள் அவர்களுடைய தாய்மார்கள். ஆபத்தை முதலில் அறிபவர்கள் எப்போதும் அதனுள் வாழ்பவர்களே. அவர்களுடைய ஐயத்தை அவசரமாக ஏற்றுக்கொள்வது அரசின் கருணையைச் சார்ந்தது அல்ல. அரசியலமைப்பின் 21-ஆம் உறுப்பு உறுதியளிக்கும் உயிர் வாழும் உரிமையைச் சார்ந்தது. ஐயம் எழுந்தால் அழையுங்கள். நேரத்தைக் குறித்துவையுங்கள். மறுநாள் காலை, அந்தக் குறிப்போடு கோட்டாட்சியர் அலுவலகத்துக்குச் செல்லுங்கள்.